சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்

ஹெட்டி லுண்ட்கிரெனிடம் அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தவர் எடிட்டிங் பிரிவுத் தலைவர் ஸ்லாட்டரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலு, ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தாளை மேஜையில் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக ஹாலிவுட் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல சேதி கொண்டுவரும் நாளில் அந்த மனுஷன் ஜன்னலைப் பார்க்கமாட்டார், நேராகக் கண்ணைப் பார்த்துச் சிரிப்பார்.

"'ஒன்பதாம் மாடிக்காரி' மறுபடியும் தியேட்டருக்குப் போகுதும்மா. ஆனா புதுசா வந்த சென்சார் ஆபீஸ்காரங்க முத்திரை வேணும். பதினோரு இடத்துல கை வைக்கச் சொல்லியிருக்காங்க."

"பிரிண்ட்லதானே சார்?"

"நெகட்டிவ்ல."

ஹெட்டி வெள்ளைக் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பத்து வருஷமாக அவள் நெகட்டிவ் வெட்டுகிறவள். அந்த ஸ்டூடியோவில் மாடி முழுக்கப் பெண்கள்தான் இந்த வேலையைச் செய்தார்கள். ஆண்களுக்குப் பொறுமை கிடையாது, கையும் வியர்க்கும். பிரிண்டை வெட்டினால் இன்னொரு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். நெகட்டிவ் அப்படியில்லை, அதுதான் தாய். அதில் கத்தரி பட்டால் பட்டதுதான், அப்புறம் தலைகீழாக நின்றாலும் வராது.

"ஊர் ஊரா இருக்கிற பழைய பிரிண்டுங்க?"

"எல்லாம் திரும்பி வந்தாச்சு. போன வாரமே கோடாலி போட்டாச்சு." ஸ்லாட்டரி இருமினார். "நீ என்னைத் திட்டாதே. எனக்கு மூணு பொண்ணுங்க, இந்தச் சம்பளம்தான்."

அந்தக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வயிறு எரிவது நிற்காது. பேசும்படம் வந்த புதிதில், ஒரு நாலைந்து வருஷம், இந்த ஊர்ப் படங்களில் பெண்கள் செய்யாத அட்டகாசம் இல்லை. புருஷனைத் தூக்கி எறிந்தார்கள். முதலாளியை மயக்கி மாடி மாடியாக ஏறினார்கள். பிள்ளை வேண்டாமென்றார்கள். கடைசி ரீலில் அழாமலேயே வீட்டுக்குப் போனார்கள். ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள், பாதிரிமார்கள் பார்க்காமலேயே திட்டினார்கள். ஜூலை மாதத்தோடு அத்தனைக்கும் பூட்டு விழுந்தது. இனிமேல் தப்பு செய்த பெண் சாக வேண்டும், இல்லை மன்னிப்புக் கேட்க வேண்டும். அடிக்கிற புருஷனுக்கு அப்படி ஒரு சட்டமும் எழுதப்படவில்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஹெட்டி தாளைப் படித்தாள். ஏழாவது வெட்டில் அவள் விரல் நின்றது. "கட்டில் காட்சி, முழுவதும்."

அந்தக் காட்சி இதுதான். மேவிஸ் என்கிற டைப்பிஸ்ட் புருஷனைவிட்டு வந்து ஒன்பதாம் மாடியில் தனியாக இருக்கிறாள். குழந்தையை வெளியே நடையில் நிறுத்திவிட்டு அவன் தேடி வருகிறான். வீட்டுக்கு வா, குழந்தை ஏங்குகிறது என்று ஒரு நிமிஷம் விடாமல் பேசுகிறான். அவள் உள்பாவாடையோடு கட்டிலில் உட்கார்ந்து காலுறையை ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கழற்றிக்கொண்டே கேட்கிறாள். அவன் பேசி முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "குழந்தையையும் கூட்டிட்டுப் போயிடு. அம்மாவா இருந்தது போதும். நான் தூங்கணும்" என்கிறாள். அவ்வளவுதான். அப்புறம் இருபது நொடி அவள் முதுகு மட்டும். அவன் போகிற சத்தம். அவள் தூங்குகிறாள்.

முதல் தடவை அதை வெட்டி ஒட்டியபோதே ஹெட்டிக்கு மூச்சு நின்றுபோனது. ஆயிரக்கணக்கான பெண்களின் அழுகையை அவள் கையால் அளந்து ஒட்டியிருக்கிறாள். காலில் விழுகிற பெண்கள், கதவைப் பிடித்துக்கொண்டு கதறுகிற பெண்கள். இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை. மினசோட்டாவில் அவள் அம்மா பதினோரு பிள்ளை பெற்று, நாற்பத்தொரு வயதில் அடுப்படியிலேயே விழுந்து செத்தாள். 'நான் தூங்கணும்' என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாள் என்று ஹெட்டி நினைத்துக்கொண்டாள். நினைத்து, வீட்டில் போய் அழுதாள்.

அன்று மதியமே, மேவிஸாக நடித்த ரோவினா தார்ப் பின்பக்க மாடிப்படி வழியாக ஏறி வந்தாள். தலையில் முக்காடு, கையில் பற்றவைக்காத சிகரெட். ஃபிலிம் இருக்கிற இடத்தில் ஒரு பொறி விழுந்தால் கட்டடமே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே போர்டிங் வீட்டில் அடுத்தடுத்த அறை. ஒரே இஸ்திரிப்பெட்டி, ஒரே நல்ல தொப்பி. யாருக்கு வேலை தேடிப் போகிற முறையோ அவள் தலையில் தொப்பி இருக்கும்.

"ஏண்டி ஹெட்டி, இந்தக் கோட்டை இன்னும் மாட்டிக்கிட்டுத் திரியறியா நீ? உன்னைவிட மூத்ததாச்சே, நான் இதை அக்கான்னு கூப்பிடவா?"

"உன் வாய் மட்டும் குறையலை. ஆளு பாதியாயிட்டியே."

"ஆறு மாசமா வேலை இல்லை. கெட்ட பொம்பளை வேஷம் இனிமே கிடையாதாம். நல்ல பொம்பளைக்கு என் மூஞ்சி ஆகாதாம்." ரோவினா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிரிப்பு அதோடு தீர்ந்துபோனது. "ஹெட்டி, ஹார்லன் டில்லியைக் கேட்டு கோர்ட்டுக்குப் போயிருக்கான்."

ஹார்லன் கோட்ஸ் அவள் புருஷன். பாசடீனாவில் பரம்பரையாக ஆரஞ்சுத் தோட்டம். இப்போது விவாகரத்து நடந்துகொண்டிருந்தது. ஐந்தரை வயசு மகள் டில்லி அவன் வீட்டில், அவன் அக்காளின் பொறுப்பில் இருந்தாள். மூன்று மாதமாக ரோவினாவை உள்ளே விடவில்லை. தீர்ப்பு வரட்டும் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள்.

"இந்தப் படத்தை வச்சுத்தான் கேஸு. 'பெத்த குழந்தையை வேணாம்னு சொன்னவ'ன்னு. படம் வந்தப்போ சிநேகிதனுங்களைக் கூட்டிட்டுப்போய் முன்வரிசையில உட்கார வச்சு, 'என் பெண்டாட்டி, பார்த்தியா'ன்னு மீசை முறுக்கினவன் அவன்."

"படத்துல பேசினதுக்கு நீ எப்படிப் பொறுப்பு? எவனோ எழுதினது."

ரோவினா சிகரெட்டை விரலில் உருட்டினாள். "எழுதலையே. ஸ்கிரிப்ட்ல நான் அழணும்னுதான் இருந்துச்சு. அவன் காலைப் பிடிச்சு. நானா மாத்திப் பேசினது ஹார்லனுக்கும் தெரியும், நானேதான் அன்னைக்குச் சாப்பிடும்போது சொன்னேன், மடச்சி." அவள் குரல் இறங்கியது. "அன்னைக்கு டில்லிக்கு கக்குவான் இருமல்டி. மூணு ராத்திரி. படுக்கப் போட்டா மூச்சு அடைச்சுக்கும், தோள்ல போட்டுக்கிட்டே நடந்தேன். ஹார்லன் சத்தம் தாங்கலைன்னு கிளப்ல போய்ப் படுத்துக்கிட்டான். காலையில ஆறு மணிக்கு செட்டுக்கு வந்தேன். கட்டில்ல படுன்னாங்க, படுத்தேன். வாயில வந்தது வந்துடுச்சு. கடைசி இருபது நொடி நடிப்பே இல்லை. நிஜமாவே தூங்கிட்டேன்."

ஹெட்டி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "இதையே ஜட்ஜ் கிட்ட சொல்லேன், தாயே."

"சொல்லலாம். என் வக்கீலும் அதான் சொன்னார். அந்தத் துண்டு எங்கேயாவது இருந்தா, நீயே முந்திக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிடு, டாக்டரையும் சாட்சிக்குக் கூப்பிடுவோம்னார். ஆனா துண்டே இல்லைன்னா எதுக்கு நாமளே வாயைக் கொடுத்து மாட்டிக்கணும்? அப்படி ஒரு வார்த்தை பேசவே இல்லைன்னு முடிச்சுடலாம், எப்பவோ பார்த்தவங்க ஞாபகம் சாட்சிக்கு நிக்காது, ஸ்கிரிப்டும் நமக்குத்தான் சாதகம்னார்." ரோவினா ஹெட்டியின் கையைப் பிடித்தாள். "அதான் வந்தேன். வெட்டினதை என்ன பண்ணுவீங்க?"

"பீப்பாய்ல போடுவோம். மாசம் ஒருத்தன் வந்து எடுத்துட்டுப் போவான். கரைச்சு வெள்ளி எடுப்பாங்க."

"பீப்பாய்ல போட்டுட்டு எனக்கு ஒரு போன் பண்ணு. உன்னை மட்டும்தான்டி நம்புவேன்."

"அது உன்னோட..." ஹெட்டிக்குச் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. "அதுமாதிரி நீ வேற எதையும் செஞ்சதில்லை, ரோவினா. யாருமே செஞ்சதில்லை."

"எனக்கு என் பொண்ணு போதும்," என்றாள் ரோவினா.

வியாழக்கிழமை ஹெட்டி ஏழாவது வெட்டுக்கு வந்தாள். பேசும்படத்தில் படம் ஒரு சுருள், சத்தம் ஒரு சுருள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஒரே அளவில் வெட்ட வேண்டும். இரண்டும் தலைக்கு நூற்றிருபது அடி. வெட்டி, மிச்சத்தைச் சுரண்டி, பசை வைத்து ஒட்டினாள். இனி அந்தப் படத்தில் புருஷன் கதவைத் திறப்பான், அடுத்த நொடியே மேவிஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போவாள். பொம்மை மாதிரி போவாள், ஏன் போகிறாள் என்று கடவுளுக்கே தெரியாது.

பீப்பாய் நடையின் கடைசியில் இருந்தது. இருபது தப்படி. ஹெட்டி இரண்டு சுருளையும் எடுத்துக்கொண்டு போனாள், மூடியைத் திறந்தாள், நின்றாள். கை வரவில்லை. எத்தனை படத்தின் எத்தனை துண்டை அதில் போட்டவள், கணக்கே கிடையாது. இதைப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான், வேறு காரணம் சொல்லி அவளை நான் காப்பாற்றப் போவதில்லை. திரும்பி வந்து இரண்டையும் ஒரே தகர டப்பாவில் வைத்தாள். அதன்மேல் படத்தின் எண், 'ஏழாவது வெட்டு, ரோவினா, கட்டில்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். பெயரில்லாத டப்பா அநாதைப் பிணம் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட கை அது. திருடி வைத்தால்கூட பெயர் எழுதித்தான் வைக்கும். டப்பாவைத் தன் அலமாரியில் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

பிறகு போன் செய்தாள்.

"போச்சா?"

"போச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா போச்சுடி."

மறுமுனையில் ரோவினா அழுதது கேட்டது. இந்த வழக்கு முடியட்டும், பிறகு அவளே சந்தோஷப்படுவாள், பத்து வருஷம் கழித்து அவளிடம் டப்பாவைக் கொடுத்தால் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று ஹெட்டி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மனசு எதற்குத்தான் சமாதானம் சொல்லாது!

அக்டோபரில் விசாரணை வந்தது. ஒரு புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ரோவினா கோர்ட் வாசல் பூத்திலிருந்து கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"ஹெட்டி, ஹார்லனோட வக்கீல் கேட்டான்டி! 'குழந்தையைக் கூட்டிட்டுப் போ, அம்மாவா இருந்தது போதும்னு நீங்க பேசினது உண்டா இல்லையா'ன்னு. பைபிள் மேல கை வச்சு, 'அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை'ன்னு சொல்லிட்டேன். ஹார்லன் மூஞ்சியைப் பார்க்கணுமே நீ! ஸ்கிரிப்டைக் காட்டினோம், புதுப் பிரிண்டைப் பத்திச் சொன்னோம். ஜட்ஜ் தலையாட்டினார்."

"அப்படியா," என்றாள் ஹெட்டி. காதில் ரீசிவர் வழுக்கியது.

"அவன் வக்கீல் விடலை. ஸ்டூடியோவுல அந்தப் படம் சம்பந்தமா ஒரு துண்டு மிச்சம் இருந்தாலும் கொண்டுவரணும்னு உத்தரவு வாங்கியிருக்கான். வாங்கட்டுமே! காத்தையா கொண்டுவருவான்? திங்கட்கிழமை ஜட்ஜ் டில்லியையும் கூப்பிட்டுப் பேசறாராம். வர்ற வாரம் என் பொண்ணு என் வீட்டுல இருப்பாடி."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். 'ரோவினா, இருக்கு, ஓடிப்போய் வக்கீல் கிட்ட சொல்லு, சொன்னதை மாத்திக்கோ' என்று ஒரு வரி. ஹெட்டி சொல்லவில்லை. நாளைக் காலையில் முதல் வேலையாக பீப்பாயில் போட்டுவிட்டால் சொன்ன பொய் நிஜமாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று கணக்குப் போட்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது, இவள் முழங்கால் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஏழு மணிக்கே வந்தாள். மாடியில் யாரும் இல்லை. அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்தாள். நேராக நடையின் கடைசிக்குப் போயிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கடைசியாக. மேஜை விளக்கைப் போட்டு, ஒளிக் கண்ணாடியின்மேல் சுருளை விரித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். ரோவினாவின் கறுத்த தலைமுடி வெள்ளையாக இருந்தது, வெள்ளைப் பாவாடை கறுப்பாக. காலுறையைச் சுருட்டுகிறாள். நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள். திரும்பிப் படுக்கிறாள். ஹெட்டி ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வது தெரிந்தது. மூன்று ராத்திரி பிள்ளையைச் சுமந்த தோள் என்று இப்போது தெரிந்திருந்ததால் அது வேறு மாதிரி இருந்தது, இன்னும் அழகாக இருந்தது. நேரம் போனதே அவளுக்குத் தெரியவில்லை.

"என்னம்மா அது?"

ஸ்லாட்டரி. கையில் கோர்ட் தாள். ஹெட்டி கையால் சுருளை மூடினாள். டப்பாவின் மூடி மேஜையில் மல்லாந்து கிடந்தது, அவள் எழுதிய கொட்டை எழுத்து மேலே பார்த்துக்கொண்டு. அவர் அதைப் படித்தார், இன்னொரு தடவை படித்தார்.

"அடிப்பாவி," என்றார் மெதுவாக.

"சார், ஒரு நிமிஷம். பீப்பாய் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். நீங்க பார்க்கலை. நீங்க இன்னும் மாடி ஏறவே இல்லை."

"நான் ஏறலைன்னு சொல்லலாம்மா. ஆனா அந்த வக்கீலோட குமாஸ்தா என் பின்னாலயே ஏறி வர்றானே!"

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஸ்லாட்டரி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை ரோவினா கூப்பிட்டாள். கத்துவாள் என்று ஹெட்டி எதிர்பார்த்திருந்தாள். கத்தவில்லை.

"ஏன் வச்சே?"

"அழகா இருந்துச்சு," என்றாள் ஹெட்டி. வேறு என்ன சொல்வது, அதுதான் உண்மை.

"அழகா இருந்துச்சு. அதுக்கு விலை என் பொண்ணா?"

"ரோவினா, நான் சரி பண்றேன். சத்தியமா..."

"சத்தியம் பண்ணாதேடி. உன் சத்தியத்தை நம்பித்தான் நான் சத்தியம் பண்ணினேன்." போன் வைக்கப்பட்டது.

ஹெட்டி ராத்திரி முழுக்க யோசித்தாள், காலையில் ரோவினாவின் வக்கீலைத் தேடிப் போனாள். அவள் சொன்ன யோசனை சின்னது, அவள் தொழிலிலிருந்தே வந்தது. அந்த வசனம் வரும்போது ரோவினாவின் முகம் சுவரைப் பார்க்கிறது. வாய் தெரியாது. படம் ஒரு சுருள், சத்தம் வேறு சுருள். அந்தச் சத்தம் இன்னொரு பெண்ணினுடையது, பிறகு பேசவைத்து ஒட்டியது என்று அவள் சாட்சி சொல்வாள். அப்போது ரோவினாவின் சத்தியமும் பொய்யாகாது, வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. வக்கீல் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாட்டினா உனக்கு ஜெயில், தெரியுமில்லே?"

"தெரியும் ஐயா."

"தேவையான அளவுக்கு மட்டும் பேசு," என்றார்.

திங்கட்கிழமை, கோர்ட்டில் படம் ஓட்ட வசதியில்லாததால், படக் கம்பெனிகள் இருக்கிற தெருவில் ஒரு சின்ன பிரிவியூ அறைக்கு ஜட்ஜே வந்தார். இருபது நாற்காலி, ஒரு வெள்ளைத் திரை, பின்னால் ஆபரேட்டரின் கூண்டு. வெளியே நடையில் ஒரு பெஞ்ச், அதில் ஹார்லனின் அக்காள் டில்லியை மடியருகே உட்காரவைத்து ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்திருந்தாள். இங்கே வேலை முடிந்ததும் ஜட்ஜ் குழந்தையிடம் பேசுவதாக ஏற்பாடு. ரோவினா அதற்கு முன்பே உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை வெளியே இருப்பது தெரிந்ததும் எழப் பார்த்தாள், வக்கீல் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

விளக்கு அணைந்தது. அந்த நெகட்டிவிலிருந்து புதிதாகப் போட்ட பிரிண்ட், நூற்றிருபது அடி, ஓடியது. ஹெட்டி அதை வெள்ளித்திரையில் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது, அதற்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

"எனக்குச் சரியா காது கேட்கலை," என்றார் ஜட்ஜ். எழுபது வயது மனிதர், இடது காது மந்தம். "இருக்கட்டும், முதல்ல சாட்சி."

ஹெட்டி எழுந்து சொன்னாள். சுருள் இரண்டு என்றாள். முகம் சுவர்ப் பக்கம் என்றாள். குரல் வேறொரு பெண்ணினுடையது என்றாள்.

"அந்தப் பெண்ணோட பேரு?" என்றார் ஹார்லனின் வக்கீல்.

"ஞாபகமில்லை. ஒரு நாள் கூலிக்கு வந்தவ."

"மிஸ் லுண்ட்கிரென், இந்தத் துண்டை வேலை போனாலும் போகட்டும்னு ஒளிச்சு வச்சிருந்தீங்க. ரோவினா தார்ப்போட ஒரு வார்த்தைகூட இல்லாத துண்டை எதுக்கும்மா அப்படிக் கட்டிக் காத்தீங்க?"

"வெளிச்சம் நல்லா விழுந்திருந்துச்சு," என்றாள் ஹெட்டி. "நடிப்புக்காக இல்லை. நடிப்புல ஒண்ணும் விசேஷம் கிடையாது." வாழ்நாளில் அவள் சொன்ன பொய்களிலேயே அதுதான் நாக்கில் கசந்தது. ரோவினா திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க பேசுங்கம்மா," என்று ஜட்ஜ் ரோவினாவிடம் சொன்னார். "குரல் எப்படின்னு கேட்கிறேன்."

ரோவினா எழுந்து, ஜலதோஷம் பிடித்தவள்போல அடித்தொண்டையில், "அது நான் இல்லை ஐயா" என்றாள்.

ஜட்ஜ் தாடையைத் தடவினார். அவர் முகத்தில் சந்தேகம் இருந்தது, ஆனால் இரண்டு பக்கமும் இருந்தது. ஹெட்டிக்கு நாலு நாளில் முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது. "இன்னொரு தடவை போடுங்க," என்றார் அவர். "சத்தத்தை நல்லா கூட்டி வைங்க."

ஆபரேட்டர் கூட்டினான். அந்தச் சின்ன அறையில் நாற்காலியெல்லாம் அதிர்ந்தது. புருஷன் பேசினான். மேவிஸ் காலுறையைச் சுருட்டிக்கொண்டே, "ம். சொல்லு. அப்புறம்?" என்றாள். காட்சியின் நடுவில் வருகிற சின்ன வார்த்தைகள், யாரும் அவற்றைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கதவு திறந்தது.

"அம்மா!"

நடையின் வெளிச்சம் உள்ளே விழுந்து திரை வெளுத்தது. "அம்மா குரல்! அத்தை, அம்மா உள்ளதான் இருக்காங்க!" என்று கத்திக்கொண்டே டில்லி ஓடி வந்தாள். பின்னால் அத்தைக்காரி, "ஏய், நில்லு!" என்று கையை நீட்டினாள், பிடிக்க முடியவில்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்த குழந்தைக்கு நாற்காலியில் இருந்தவர்கள் யாரும் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த அம்மாவைக் கையெட்டும் தூரத்தில் தாண்டி, திரையில் பெரிதாகத் தெரிந்த அம்மாவைப் பார்த்து ஓடினாள்.

ரோவினா பாதி எழுந்தாள். கூப்பிட வாய் திறந்தாள். கூப்பிட்டால் அதே குரல்தான் வரும். இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஒரு கணத்தை ஹெட்டி பார்த்தாள். கடவுளே, பார்க்காமல் இருந்திருக்கலாம்.

திரையில் மேவிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"குழந்தையையும் கூட்டிட்டுப் போயிடு. அம்மாவா இருந்தது போதும். நான் தூங்கணும்."

டில்லி நின்றாள். பின்னாலிருந்த கூண்டில் ஆபரேட்டருக்கு எதுவும் தெரியாது, படம் ஓடிக்கொண்டே இருந்தது. இருபது நொடி, அம்மாவின் முதுகு. ஹார்லன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இனி அவருக்குக் கேட்க எதுவும் இல்லை.

அத்தைக்காரி தட்டுத்தடுமாறி வந்து குழந்தையின் கையைப் பிடித்தாள். அவள் செருப்பு தரையில் டக்டக்கென்று அடித்தது. டில்லி உதட்டில் விரலை வைத்து அவளை அடக்கினாள். பிறகு திரையைப் பார்த்து, மெதுவாக, ரகசியம்போல, "நான் சத்தமே போடலைம்மா. நீ தூங்கு" என்றாள்.

நுனிக்காலில் நடந்து வெளியே போனாள். கதவைத் தானே இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல் சாத்தினாள்.